கழற்றி நிறுத்திய டிரெய்லர்: முட்டுக்கட்டையும் தாங்குகாலும்

நமது வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் இப்பொழுது டிராக்டரும் டிரெய்லரும் அங்கத்தினர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. உரம் வந்து இறங்குவது அதில்தான். களத்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவதும் அதில்தான். நெசவாளர் சங்கம் உள்ள ஊர்களில் நூல் சிப்பங்களைக்கூடச் சில சமயம் அதில் ஏற்றி வருகிறார்கள். டிராக்டரை எவ்வாறு ஓட்டவேண்டும் என்பதை இங்கே எழுதப் புகவில்லை. டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போனபின் தனியே நிற்கும் டிரெய்லரைப் பற்றியதே இப்பாடம். ஓடுகிற வண்டிக்கு ஓட்டுநர் என்று ஒருவர் பொறுப்பாளியாக இருக்கிறார். நிற்கிற வண்டிக்கு அப்படி ஒருவரும் இல்லை. அபாயம் அங்கேதான் பிறக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில் இருப்புச் சரிபார்ப்புக்காகச் சென்றிருந்தேன். கிடங்கு வாசலில் வண்டிகள் ஏறி வருவதற்காகச் சாய்வாகப் போட்ட சிமெண்டுத் தளம் ஒன்று உண்டு. அதன்மீது யூரியா மூட்டைகளுடன் இரு சக்கர டிரெய்லரை நிறுத்திய ஓட்டுநர், வேறோர் அவசர வேலை இருந்தபடியால், டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். முன்பக்கத்துத் தாங்குகால் இறக்கப்பட்டிருந்தது. கீழ்ப்புறத்தில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் கைக்கு அகப்பட்ட ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. சுமை இறக்குவோர், கிடங்கு வாசலுக்கு அருகில் இருந்த முன்பக்கத்து மூட்டைகளையே முதலில் இறக்கினார்கள். பாதி இறங்கியதும் மிச்சப் பாரம் முழுவதும் பின்னால் போயிற்று. தாங்குகால் தரையைவிட்டு மேலே எழும்பியது. வால்புறம் 'டம்' என்று சிமெண்டில் மோதியது. மேலே நின்ற இருவர் குதித்தார்கள். அந்த அதிர்ச்சியில் முன்பக்கம் மறுபடியும் கீழே விழ, கல் உருண்டு விலக, டிரெய்லர் பின்னோக்கி ஓடிச் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் இடையில் அகப்பட்ட இளைஞர் ஒருவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம்.

அச்சங்கத்தின் தளவாடப் பதிவேட்டில் "டிரெய்லர் சக்கரத்துக்கு மரக்கட்டை – 4" என்று எழுதியிருந்தது. அந்த நான்கில் ஒன்று கிடங்குக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் தடுத்துக்கொண்டிருந்தது. ஒன்று எடை போடுகிறவருக்கு ஆசனமாக இருந்தது. மற்ற இரண்டும் தென்படவில்லை. அன்று காலையில் அந்த வரிக்கு எதிரே, காரியதரிசி சொன்னதைக் கேட்டு, "இருப்பு சரி" என்று குறியிட்டவன் நான்தான். ஆகவே இதை எழுதுவதில் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது.

"காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்" என்று பேச்சில் குறை சொல்லும் நாம், போடவேண்டிய இடத்தில் அதைப் போடுவதில்லை. முட்டுக்கட்டை செய்யும் வேலை வேறு. தாங்குகால் செய்யும் வேலை வேறு. சக்கரம் உருளாமல் தடுப்பது முட்டுக்கட்டை. வண்டியின் உடல் சாயாமலும் ஆடாமலும் பிடிப்பது தாங்குகால். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எண்ணுவதே பெரும்பாலான விபத்துகளுக்கு வித்து. தாங்குகால் உறுதியாக ஊன்றியிருப்பதைக் கண்டு, வண்டியும் நகராது என்று நம்பிவிடுகிறோம். சக்கரம் உருளத் தொடங்கினால் அக்கால் மண்ணைக் கீறிக்கொண்டு கூடவே போகும், அல்லது மடங்கிவிடும். நெசவாள அங்கத்தினர்களுக்கு இது எளிதில் விளங்கும். தறிக்கால்கள் எவ்வளவு உறுதியாக நின்றாலும், படைமரம் பின்வாங்காமல் தடுக்கும் பிடி விலகினால் பாவு தளர்ந்துதானே போகிறது?

தரை சமமாகத்தானே இருக்கிறது என்று சொல்வோருக்கு ஒரு சிறு கணக்கு. இருபது அடி தூரத்துக்கு ஓர் அடி இறக்கம் இருந்தால் அது பலர் கண்ணுக்குச் சமதரையாகவே தோன்றும். அத்தகைய இடத்தில் பாரத்துடன் 5,000 கிலோ எடையுள்ள டிரெய்லரை நிறுத்தினால், அதைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ. சிமெண்டு அல்லது தார்த் தளத்தில் சக்கரம் உருளாமல் எதிர்க்கும் தடை ஏறக்குறைய 100 கிலோதான். மிஞ்சுவது 150 கிலோ. ஐந்தாறு ஆட்கள் ஓயாமல் தள்ளிக்கொண்டிருப்பதற்கு இது சமம். உழுத வயலில் சக்கரம் மண்ணில் புதைவதால் அந்தத் தடை பல மடங்கு பெரிது. அதனால்தான் வயலில் கட்டையின்றி நின்ற வண்டி கிடங்குத் தளத்தில் நிற்பதில்லை. "வயலில் ஒரு நாளும் ஓடியதில்லையே" என்று ஓட்டுநர் சொன்னது பொய்யன்று. மேலும், நமது டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. டிராக்டரின் பிரேக்கே இரண்டுக்கும் பிரேக். டிராக்டரைக் கழற்றினால் பிரேக்கையும் கழற்றிக்கொண்டு போகிறோம்.

இனி முட்டுக்கட்டையின் அமைப்பு. சக்கரத்தின் உயரத்தில் சுமார் கால் பங்கு உயரமும், டயரின் அகலத்துக்குக் குறையாத அகலமும் வேண்டும். 90 சென்டிமீட்டர் உயரச் சக்கரத்துக்கு 20 அல்லது 22 சென்டிமீட்டர் உயரக் கட்டை போதும். கருவேலம், புளி போன்ற கெட்டி மரத்தில், டயரைத் தொடும் முகம் சரிவாக இருக்கும்படி ஆப்பு வடிவில் உள்ளூர்த் தச்சரே அறுத்துக் கொடுத்துவிடுவார். அடிப்பாகத்தில் பழைய டயர்த் துண்டொன்றை ஆணியடித்துப் பொருத்துதல் நலம். ஆணித்தலை ரப்பருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். மழை நனைத்த சிமெண்டில் வெறும் மரம் வழுக்கும். ஒவ்வொரு கட்டையிலும் துளையிட்டு ஒரு முழக் கயிறு கட்டிவைத்தால், எடுக்கும்போது சக்கரத்தின் அடியில் கையை நுழைக்க வேண்டியிராது. சுண்ணாம்போ மஞ்சள் வர்ணமோ பூசிவைத்தால் அந்தி வேளையில் மறந்து போகாது.

வைக்கும் முறையில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கட்டை டயரை ஒட்டியே இருக்கவேண்டும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் கட்டையை ஒரு மீட்டர் தள்ளி வைத்தோமானால், அதை எட்டுவதற்குள் வண்டி 10 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தில் சேர்ந்த வேகம், ஏழெட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லின்மீது ஏறிக் கடக்கப் போதுமானதாகிவிடலாம். ஒட்டி வைத்த கட்டையோ வேகத்தைப் பிறக்கவே விடுவதில்லை. சரிவில் இரண்டு சக்கரங்களுக்கும் கீழ்ப்புறத்தில் கட்டை வேண்டும். சமதரையில் இரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் வேண்டும். நான்கு சக்கர டிரெய்லரில் முன் அச்சு திரும்பக்கூடியது. அதற்குக் கட்டை வைத்தால், அச்சு திரும்பும்போது சக்கரம் கட்டையைவிட்டு விலகிப் போகும். ஆகையால் திரும்பாத பின் அச்சுச் சக்கரங்களுக்கே வைக்கவேண்டும்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உருண்டைக் கல் சக்கரத்துடன் சேர்ந்து உருளும், செங்கல் நொறுங்கும். இவற்றைவிடக் கொடியது பின்னால் நடப்பது. வண்டி போய்விடுகிறது, கல் சாலையிலேயே கிடக்கிறது. இரவில் அவ்வழியே மோட்டார் சைக்கிளில் வருகிறவன் எந்தத் தாயின் பிள்ளையோ!

தாங்குகாலுக்கு வருவோம். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் வானத்தைப் பார்க்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். இரு சக்கர டிரெய்லரும் அதே தராசுதான். மாடு நிற்கும் இடத்தில் டிராக்டர் நிற்கிறது. அதைக் கழற்றினால் அந்த முன்பாரத்தைத் தாங்குகால் ஏற்கிறது. ஐந்நூறு கிலோ முன்பாரம், 20 சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள இரும்புக் குழாயின்மீது இறங்கினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ ஆகிறது. ஈரக் களிமண் ஒரு கிலோவைத் தாங்குவதே அரிது. அடியில் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலமுள்ள கெட்டிப் பலகையைப் போட்டால் அதே பாரம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். சேறு என்றால் அதைவிடப் பெரிய பலகை வேண்டும்.

முன்கால் மட்டும் போதாது. சுமை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வால்புறத்தின் இரு மூலைகளிலும் முட்டுக்கால்கள் வேண்டும். இவற்றைச் சட்டத்தைத் தொடும் அளவுக்கே உயர்த்தவேண்டும்; ஜாக்கியைப்போல் வண்டியைத் தூக்கும்படி ஏற்றக்கூடாது. தூக்கினால் சக்கரத்தின் பாரம் குறைகிறது. பாரம் இல்லாத சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டை வெறும் மரத்துண்டு. தாங்குகால் முட்டுக்கட்டையின் வேலையைக் கெடுப்பது இவ்வாறுதான். வில் பட்டை உள்ள வண்டியில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. மூட்டை ஏற ஏற வண்டி கீழே அமர்கிறது. முதலில் சரியாக வைத்த கால் பிறகு பாரம் முழுவதையும் சுமக்கத் தொடங்குகிறது. இறக்கும்போது வண்டி எழும்புகிறது, கால் தளர்கிறது. ஆகவே பாதி வேலையில் ஒருமுறை நிறுத்தி, கால்களைத் திருத்தி வைக்கவேண்டும். மூட்டைகளை ஒரு பக்கமாகவே எடுக்காமல் முன்னும் பின்னும் மாற்றி எடுத்தால் கவலை பாதி குறையும். நான் கண்ட விபத்தில் இது ஒன்றைச் செய்திருந்தால்கூட அந்த இளைஞர் நடந்தே வீடு போயிருப்பார்.

வேலைகளின் வரிசையும் முக்கியம். முதலில் முட்டுக்கட்டை. அடுத்துத் தாங்குகாலும் பலகையும். அதன் பின்னரே இணைப்பு ஊசியை உருவவேண்டும். மீண்டும் பூட்டும்போது இவ்வரிசை தலைகீழாகும்: டிராக்டரை இணைத்து, ஊசியைச் செருகி, அது கழன்று போகாதபடி பூட்டுவளையத்தையும் மாட்டி, தாங்குகாலை மடக்கிய பின், கடைசியாகவே முட்டுக்கட்டையை எடுக்கவேண்டும். அவசரக்காரர்கள் கட்டையை முதலில் எடுத்துவிட்டு டிராக்டரைப் பின்னே வரச் சொல்கிறார்கள். இழுசட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். டிராக்டர் இலேசாகத் தொட்டாலும், தொட்ட வண்டி ஓடுகிறது, அல்லது சரிவில் அவர்மேலேயே வருகிறது. டிராக்டர் நகரும்போது நடுவில் ஆள் கூடாது. அது நின்று, ஓட்டுநர் பிரேக்கைப் பூட்டிவிட்டுக் குரல் கொடுத்த பிறகே கிட்டப்போகலாம்.

கரும்பு அரவைக் காலத்தில் ஆலை வாயிலில் வண்டிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். பனிக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி டிரெய்லரின் அடியில் படுத்துறங்கும் வழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. எத்தனை கட்டை வைத்திருந்தாலும் இது வேண்டாம். பின்னால் வருகிற வண்டி இலேசாக முட்டினால் போதும். தொட்டியைத் தூக்கிக் கொட்டும் டிரெய்லரில், தூக்கிய தொட்டியின் அடியில் இரும்புத் தாங்கி பொருத்தாமல் தலையை நீட்டவே கூடாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, ஓட்டுநர் இல்லாத வேளையில் வண்டி தானாக நகர இடமில்லாதபடி ஏற்பாடு செய்யாமல் பொது இடத்தில் அதை நிறுத்திவிட்டுப் போவதைத் தடை செய்கிறது. சட்டத்தின் பொருட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. வாடகைக்கு வண்டி தருகிற சங்கம், நான்கு முட்டுக்கட்டைகளையும் இரண்டு பலகைகளையும் வண்டியுடன் சேர்ந்த உறுப்புகளாகவே கருதவேண்டும். டிரெய்லரின் பக்கச் சட்டத்தில் அவற்றுக்கென்று இரும்புத் தொட்டில் ஒன்றைப் பற்றவைத்து விடலாம். வாடகைக் குறிப்பேட்டில், எடுத்துச் செல்கிறவர் கையெழுத்திடும் இடத்தில், கட்டைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். திரும்பி வரும்போது ஒன்று குறைந்தால் அதன் விலையை வசூலித்து, அடுத்த வாடகைக்கு முன் புதிது அறுக்கச் சொல்லவேண்டும்.

இப்பொழுதெல்லாம் சங்கத்துக்குச் சென்றால், பதிவேட்டைத் திறப்பதற்கு முன் டிரெய்லர் நிற்கும் இடத்துக்குப் போகிறேன். கட்டைகள் சக்கரத்தை ஒட்டி இருக்கின்றனவா என்று காலால் உதைத்துப் பார்த்த பிறகே அந்த வரிக்கு எதிரே குறியிடுகிறேன். சில காரியதரிசிகள் இதைக் கண்டு சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.