இலையோடு போன ரிட்டெய்னர்

என் மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி நிற்கும். அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே சின்ன வயதில் கிளிப் போடாமல் விட்டுவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில், என் சம்பளத்தில், நானே போய்ப் போட்டுக்கொண்டேன். "பொண்ணுக்குப் போட வேண்டிய வயசுல உங்களுக்கா அண்ணி?" என்று கேட்ட நாத்தனாருக்கு இப்போதாவது பதில் சொல்லிவிடுகிறேன்: ஈறும் எலும்பும் திடமாக இருந்தால் பல் நகர வயது தடையில்லை.

முதலில் பார்த்த டாக்டர் நான்கு பற்களைப் பிடுங்கி, இரண்டு வருடம் கிளிப் போடச் சொன்னார். இரண்டாமவர், "முன்பற்களை மட்டும் வரிசைப்படுத்தலாம், ஆறு மாதம் போதும், கடைவாய்க் கடியில் கை வைக்கமாட்டேன்" என்றார். நான் இரண்டாமவரிடம் போனேன். அதைத் தப்பு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைவாயில் தேங்காய்ச் சில்லை நொறுக்குகிறவளுக்கு எதற்கு இரண்டு வருடம்? நீங்களும் என்னைப் போல வேலைக்குப் போகிறவர், கடி சரியாக இருக்கிறவர் என்றால் குறுகிய காலச் சிகிச்சையே போதும். தாடையே முன்தள்ளி இருந்தால் முதல் டாக்டர்தான்.

ஸ்கேலிங், எக்ஸ்ரே, அளவு, கிளிப் எல்லாம் வழக்கம்போல நடந்தன. இடம் உண்டாக்கப் பற்களுக்கு நடுவே எனாமலைத் துளி தேய்த்தார்கள். ஓர் இடைவெளிக்கு அரை மில்லிமீட்டருக்குள்தான். வலிக்கவில்லை, சத்தம்தான் கூசியது. பல் நிறத்துக் கிளிப்புக்குக் கூடுதல் பணம் வாங்கினார்களே, அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் சாம்பார் மஞ்சளை உறிஞ்சும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாளே பல்லுக்கொரு மஞ்சள் பொட்டு. அதன்பிறகு, மாதாமாதம் ரப்பர் மாற்றுவதற்கு முந்தின இரவு மட்டும் சாம்பாரை ஒரு கை பார்ப்பேன்.

ஏழாவது மாதம் கிளிப்பைக் கழற்றினார்கள். பல்வரிசை மேல் மாட்டிக் கழற்றும், கண்ணாடி போன்ற உறை ஒன்று கொடுத்தார்கள். அதுதான் ரிட்டெய்னர். பில் போட்டுக்கொண்டே டாக்டர், "உள்பக்கம் கம்பி ஒட்டணுமா? மூவாயிரம் தனி" என்றார். வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். பந்தியில் ரிட்டெய்னரைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தேன். பாயசம் முடிந்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவும்போது நாக்கு பல்லைத் தடவியது, பகீரென்றது. ஓடி வந்து பார்த்தால் மேசைக் காகிதத்தோடு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் குப்பைக் கூடையில், பட்டுப்புடவையோடு, குச்சியால் அவியலையும் அப்பளத்தையும் கிளறிக்கொண்டிருந்தேன். "கம்மல் தொலைஞ்சிடுச்சா அண்ணி?" என்றாள் நாத்தனார். ஆமாம் என்றேன்.

கிடைக்கவில்லை. அடுத்த வாரம் போய்ப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தது மூன்று மாதமாகிவிட்டது. நகர்த்திய பல்லைச் சுற்றியுள்ள நார்கள் அதைப் பழைய இடத்துக்கே இழுக்கும், எலும்பு இறுகவும் நாளாகும் என்பதெல்லாம் தெத்துப்பல் மறுபடி ஏறி நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் டாக்டர். பில் போடும்போது சொல்வது சொல்வதாகுமா? முதல் நாள் சொல்ல வேண்டிய விஷயம் அது. வேறு டாக்டரிடம் இன்னொரு நான்கு மாதம் கிளிப் போட்டேன்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: ரிட்டெய்னர் எத்தனை வருடம், தொலைந்தால் மாற்று எவ்வளவு, உள்கம்பி கட்டணத்தில் சேர்த்தியா? "ஆறு மாதம் போட்டால் போதும்" என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரியில் மாட்டுவது ஆயுசுக்கும் உண்டு. டப்பா இல்லாத இடத்தில் ரிட்டெய்னரைக் கழற்றாதீர்கள். என் டப்பா ஆரஞ்சு நிறம். பந்தியில் அதை மடியில்தான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த முறை உள்கம்பியும் ஒட்டியாகிவிட்டது. நாலாயிரம் வாங்கினார்கள்.