வளைகுடா புறப்படுமுன் விசாவைப் படியுங்கள்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரிலிருந்து துபாய் செல்லும் நம் பிள்ளைகளிடம், "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சில ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அந்நாட்டில் குற்றம். சம்பளம் நின்றால், காட்டுவதற்கு வேலை ஒப்பந்தமும் இருக்காது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பொதுவாக இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அவர்கள் அமீரகத்துக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அப்போது எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில், விபத்தில் மவுத்தானால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் போனவரின் குடும்பத்துக்கு அது இல்லை. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அங்கே கடை வைப்பவருக்கு டிரேட் லைசென்ஸ் வேண்டும். ஆண்டு விற்பனை 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால் 5 சதவீத வாட் வரிக்குப் பதிவு கட்டாயம். வாடிக்கையாளரிடம் வாங்கிய வரி நம் பணமல்ல, அமானிதம். ஊரில் வரும் வீட்டு வாடகை இந்திய வருமான வரிக் கணக்கில் சேரும்.

ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை. விசாவில் கையெழுத்திட்டு ஏற்ற நிபந்தனையும் ஒப்பந்தமே. நேர்மையான சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.