யார் கடனை முதலில் அடைப்பது?

பல வீடுகளில் யார் வாசலில் நின்று சத்தம் போடுகிறாரோ, அவருக்கே முதலில் பணம் போகிறது. நம்மை நம்பிக் கொடுத்துவிட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார். இது சரியான வரிசை அல்ல.

கடனை இலேசாக நினைக்க வேண்டாம். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்கவில்லை. அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள்.

முதல் வேலை, எழுதுவது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். யாருக்கு, எவ்வளவு, எப்போது தருவதாகச் சொன்னோம், வட்டி உண்டா என்று ஒரே தாளில் எழுதுங்கள். மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடன்தான், அதையும் சேருங்கள். தாள் இருக்கும் இடம் வீட்டாருக்குத் தெரியட்டும். சொத்தைப் பங்கிடும் முன் கடன் தீர்க்கப்பட வேண்டும்.

ஓர் உதாரணம். வட்டிக்கடன் 20,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. மளிகைக் கடை பாக்கி 3,000. அக்கா கொடுத்தது 15,000. வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்புச் செலவு போக மாதம் 4,000 மிஞ்சுகிறது.

வட்டி மட்டும் கட்டினால் வருடத்துக்கு 7,200 போகும். அசல் அப்படியே நிற்கும். மாறாக, முதல் மாதம் கடை பாக்கியை முடித்து, வட்டி 600 போக மீதி 400ஐ அக்காவுக்குக் கொடுங்கள். அடுத்த மாதத்திலிருந்து அக்காவுக்கு 500, வட்டிக்கடனுக்கு 3,500. அசலைப் பகுதி பகுதியாக வாங்கிக்கொள்வாரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எட்டாவது மாதம் வட்டிக்கடன் முடியும். பிறகு முழுத் தொகையும் அக்காவுக்கு. பதினோராவது மாதம் எல்லாம் தீரும், இன்ஷா அல்லாஹ்.

அக்கா இப்போது மருத்துவச் செலவில் தவித்தால் அவர் பங்கை உயர்த்துங்கள். எதுவானாலும் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், ஒளிய வேண்டாம். வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி.

ஒரு கடனை அடைக்க இன்னொரு வட்டிக்கடன் வாங்காதீர்கள். உண்மையிலேயே முடியாதவர்கள் வெட்கப்படாமல் ஜமாஅத்தை அணுகுங்கள். ஜகாத் பெறத் தகுதியானவர்களில் கடன்பட்டவர்களும் உண்டு (9:60). கடன் கொடுத்தவர்களும், சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் (2:280).

இன்றிரவே ஒரு தாளை எடுங்கள்.