காற்று கட்டிய மின்கட்டணம்

சென்னைக்குத் தெற்கே பாலவாக்கம் கடற்கரையில் வெயில் ஏறிய பின் நின்றால் கடலிலிருந்து காற்று வீசுவதை உணரலாம். கடல் நீரைவிட நிலம் விரைவில் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது. ஆகக் காற்றை ஓட்டும் எஞ்சின் சூரியனே! விலையின்றிக் கிடைக்கும் இந்தக் காற்று, ஓர் ஏழை ஊரின் செலவைக் குறைக்குமா?

2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணையும் வரை பாலவாக்கமும் ஓர் ஊராட்சிதான். தெருவிளக்கு எரிய வேண்டுமா? குடிநீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டுமா? இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். புதிய தெருவுக்கு விளக்கும் குழாயும் வந்தால் மின்கட்டணமும் ஏறும். வருமானம் குறைந்த ஊராட்சியில் கட்டணம் ஏறினால், சாலைக்கும் சாக்கடைக்கும் மிஞ்சும் பணம் குறையும்.

இந்தச் சிக்கலை நேரே சந்தித்தது கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். 2003இல் அங்கே 9 கிலோவாட் திறனுள்ள ஒரு கருவி அமைக்கப்பட்டது. மர அறுவை மில்களில் கழியும் துண்டுகளைப் போதிய காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் முதலிய எரியும் வாயுக்கள் கிடைக்கும். அவற்றால் எஞ்சினை ஓட்டிக் குடிநீர் இறைத்தார்கள்.

2006இல் ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். இதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். காற்றாலை நின்றதோ ஓடந்துறையில் அல்ல, உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில்! ஏன் தெரியுமா?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்காகும் (2 × 2 × 2 = 8). எனவே இடம்தான் முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்குண்டு, வேகமாகப் புகுந்து உடுமலைப் பக்கம் வீசுகிறது. கடற்கரைக் காற்றோ நாளில் சில மணி நேரமே வலுவாக இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோமா? ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். 350 கிலோவாட் காற்றாலை முழுத் திறனில் ஓயாமல் சுழன்றால் 30,66,000 யூனிட் கிடைக்க வேண்டும். ஓடந்துறையின் காற்றாலை ஆண்டுக்குச் சுமார் 6,75,000 யூனிட் தரும் என்றே கணக்கிட்டார்கள். நூற்றுக்கு 22 பங்குதான்! காற்று எப்போதும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை அல்லவா? ஆனால் ஊராட்சியின் தேவை சுமார் 4,50,000 யூனிட்தான். எஞ்சியது மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. கட்டணமாக வெளியே போன பணம், இப்போது வருமானமாக உள்ளே வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காற்று இலவசம், காற்றாலை இலவசமல்ல. ஊராட்சியிடம் சேமிப்பு இல்லாவிட்டால் காற்றாலையை வாங்கியிருக்க முடியாது. மின்கம்பி இணைப்பு இல்லாவிட்டால் மைவாடியின் காற்று ஓடந்துறைக்கு உதவியிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றாலை ஊருக்கே சொந்தம். வேறொருவர் அதை வாங்கியிருந்தால் அதே காற்று வீசியிருக்கும், அதே மின்சாரம் பிறந்திருக்கும். ஊராட்சியின் கட்டணம் மட்டும் குறைந்திருக்காது. கருவி யாருடையது, மிச்சமான பணம் எங்கே போகிறது என்பவையே, ஏழைகளுக்குப் பயன் கிடைக்குமா என்பதை முடிவு செய்கின்றன.

செய்து பாருங்கள்: 40 வாட் குழல்விளக்கு ஒன்று இரவில் 12 மணி நேரம் எரிந்தால் 0.48 யூனிட் செலவாகும். அப்படிப்பட்ட 100 விளக்குகளுக்கு ஓராண்டில் 17,520 யூனிட். அவற்றுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. விளக்கு போட்டால் எவ்வளவு மிச்சம்? உங்கள் தெருவிளக்குகளை எண்ணி, அதே கணக்கை உங்கள் ஊருக்கும் போட்டுப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தை முதலில் எதற்குச் செலவிடலாம் என்று வகுப்பில் விவாதியுங்கள்.