போன எய்லிஷும் திரும்பி வந்த எய்லிஷும்: 'ப்ரூக்ளின்' படத்தில் ஒரு பாடம்

ஒரு ஆள் மாறிட்டாங்கன்னு சினிமாவில் எப்படிக் காட்டறது? நமக்குத் தெரிந்த சுலபமான வழி ஒண்ணு இருக்கு. ஒரு பாட்டு, நாலு டிரெஸ், அஞ்சு நிமிஷம். பாட்டு முடியும்போது ஹீரோயின் வேற ஆள்.

2015-ல் வந்த 'ப்ரூக்ளின்' அப்படிச் செய்யாது. இயக்கம் ஜான் கிரவுலி. கொல்ம் டோபீன் எழுதிய நாவலை நிக் ஹார்ன்பி திரைக்கதையாக்கினார். எய்லிஷ் ஆக நடித்தவர் சர்ஷா ரோனன். சிறந்த படம், சிறந்த நடிகை, தழுவல் திரைக்கதை என 3 ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. (கதை முழுக்கச் சொல்லப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க!)

கதை

1950-களின் தொடக்கம். அயர்லாந்தில் எனிஸ்கார்தி என்ற சின்ன ஊர். எய்லிஷுக்கு அங்கே உருப்படியான வேலை இல்லை. அக்கா ரோஸ், ஒரு பாதிரியார் மூலமாக அவளை அமெரிக்காவுக்கு அனுப்பி வைக்கிறாள். ப்ரூக்ளினில் விடுதி, துணிக்கடை வேலை, இரவில் கணக்கியல் வகுப்பு. ஒரு நடன நிகழ்ச்சியில் டோனி என்ற இத்தாலிய பிளம்பர் அறிமுகமாகிறான். முதல் காதல். பிறகு ஊரிலிருந்து ஒரு செய்தி: அக்கா இறந்துட்டா. கிளம்பும் முன் டோனி கேட்டுக்கொண்டதால் ரகசியமாகப் பதிவுத் திருமணம் நடக்கிறது.

உத்தி: ஒரே காட்சி, ரெண்டு தடவை

லேப்ல பண்ற சோதனை மாதிரிதான். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒண்ணை மட்டும் மாத்திப் பாரு. இந்தப் படம் ஒரே சூழ்நிலையை ரெண்டு முறை கொண்டு வருது. மாறியிருப்பது எய்லிஷ் மட்டும்.

1) கப்பல். முதல் பயணத்தில் எதுவும் தெரியாமல் வயிறு நிறையச் சாப்பிட்டு, ராத்திரி முழுக்க வாந்தி. கழிப்பறையைப் பக்கத்து அறைக்காரங்க பூட்டிக்கிட்டாங்க. அறைத்தோழிதான் என்ன சாப்பிடணும், குடியேற்ற அதிகாரி முன்னாடி எப்படி நிக்கணும்னு சொல்லித்தருகிறாள். கடைசிப் பயணத்தில் மிரண்டு நிற்கும் வேறொரு பெண்ணுக்கு எய்லிஷ் அதையே சொல்கிறாள். "நான் வளர்ந்துட்டேன்" என்ற வசனமே தேவைப்படலை.

2) துணிக்கடை. முதலில் வாடிக்கையாளரிடம் பேச வார்த்தை வராது, மேற்பார்வையாளர் கண்டிக்கிறார். டோனி வந்த பிறகு அதே கவுன்ட்டரில் சிரித்துப் பேசுகிறாள்.

3) மிஸ் கெல்லி. படத்தின் தொடக்கத்தில் எய்லிஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் இவருடைய மளிகைக் கடையில் வேலை செய்கிறாள், தலைகுனிந்து. கடைசியில் அதே மிஸ் கெல்லி, "உன் ரகசியம் எனக்குத் தெரியும்" என்று மிரட்டப் பார்க்கிறார். எய்லிஷ் நிமிர்ந்து, கணவன் பெயரோடு சேர்த்துத் தன் முழுப் பெயரைச் சொல்கிறாள். படத்தின் உச்சக்காட்சியே இதுதான்!

சிக்கலான இடம்

இந்தப் படம் வெறும் இனிப்பான காதல் கதையாகாமல் தப்பிப்பது அயர்லாந்து திரும்பும் பகுதியில்தான். முன்னாடி இல்லாத எல்லாமே இப்போ அங்கே கிடைக்குது: அக்கா பார்த்த வேலை, ஜிம் ஃபாரல் என்ற நல்ல பையன். ஜிம் வில்லன் இல்லை. டோனியை விட எந்த விதத்திலும் குறைந்தவனும் இல்லை. எய்லிஷ் தனக்குக் கல்யாணமானதை யாரிடமும் சொல்வதில்லை. டோனியின் கடிதங்களைப் பிரிக்காமல் மேசை அறைக்குள் போடுகிறாள்.

இங்கே நமக்கு அவள் மேல கோபம் வரும். வரணும். தன்னைக் கண்டுபிடிப்பதுன்னா புது டிரெஸ்ஸும் தன்னம்பிக்கையும் மட்டுமில்லை. ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா இன்னொருத்தர் மனசு உடையும். அதற்குப் பொறுப்பு நாமதான். ஜிம்முக்கு ஒரு கடிதத்தை மட்டும் விட்டுட்டுக் கிளம்புகிறாள். ஒரு மகளை இழந்து, அடுத்தவளையும் அனுப்பப்போகும் அம்மா, ஒரே ஒரு தடவைதான் விடைசொல்ல முடியும்னு சொல்லிட்டுப் படுக்கப் போய்விடுகிறார். நம்மில் எத்தனை பேர் வெளிநாட்டுக் கனவோடு இருக்கோம்! ஏர்போர்ட்டில் கையசைக்கும் அம்மா பக்கம் கேமராவைத் திருப்பியதுக்காகவே இந்தப் படத்துக்கு நன்றி சொல்லணும்.

டோனியைத் தேர்ந்தெடுத்தது சரியா தப்பான்னு படம் தீர்ப்பு சொல்லாது. ஆனா ஒண்ணு தெளிவு. முதல் தடவை அவளை அக்கா அனுப்பினாள். ரெண்டாவது தடவை அவளே போகிறாள்.

பயிற்சி

படத்தில் ரெண்டு கடற்கரைக் காட்சிகள் உண்டு. ஒன்று அமெரிக்காவின் கோனி ஐலண்ட், மற்றொன்று அயர்லாந்தின் கர்ரக்லோ. ரெண்டிலும் எய்லிஷ் நீச்சலுடைக்கு மாறும் விதத்தை மட்டும் கவனிங்க. அடுத்த முறை குறும்படம் எழுதும்போது மான்டாஜ் பாட்டை எடுத்துட்டு, இப்படி ஒரு ஜோடிக் காட்சி வெச்சுப் பாருங்க.