பழவேற்காட்டுக்கு ஒரு பகல்

வெள்ளானூர்,
மார்கழி.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் திருச்சியிலிருந்து கிளம்பி வருகிறாய் என்றதும் பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஸ்பெயின் நாட்டின் காதிஸ் நகரத்தைப் பற்றி நூலகத்தில் படித்ததாக எழுதியிருந்தாய். பயணிகள் காலையில் கப்பலை விட்டு இறங்கி, மூவாயிரம் வருஷப் பழமை பேசும் அந்தத் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்களாம். "அந்த மாதிரி ஓர் ஊர் நமக்குக் கிட்டத்தில் இல்லையா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. இங்கேயிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பழவேற்காடு.

காதிஸில் பெரிய தேவாலயம் நிமிர்ந்து நிற்கிறது, கடலோரக் கோட்டைகள் நிற்கின்றன, துறைமுகத்தில் இன்றும் கப்பல் வந்து போகிறது. பழவேற்காட்டில் கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது, கப்பலும் வராது. படம் பிடிக்க மட்டும் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் சலித்துப்போய் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊரை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. துறைமுக ஊரை எப்போதும் தண்ணீரிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். வணிகர்கள் ஏன் அங்கே வந்து குவிந்தார்கள், கோட்டை ஏன் அந்த இடத்தில் எழுந்தது, ஊர் இன்று எதைக் கொண்டு பிழைக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் தண்ணீரில்தான் விடை கிடைக்கும்.

விடிவதற்குள் கிளம்பிவிடு. வெளிவட்டச் சாலையைப் பிடித்துக் கல்கத்தா நெடுஞ்சாலைக்குப் போய், காரனோடை பாலத்தில் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி, தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பினால் பொன்னேரி. ரயிலில் போவதானால் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போய், அங்கே கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். பொன்னேரியில் ஓடுவது ஆரணியாறு. அதைக் கவனித்துக்கொள், நீ பார்க்கப்போகும் ஏரிக்கு நன்னீர் கொண்டு போகிற ஆறுகளில் அதுவும் ஒன்று. திருப்பாலைவனம் தாண்டியதும் காற்றில் உப்பு வாசம் வந்துவிடும்.

ஊருக்குள் நுழைந்ததும் கடைத்தெருவில் நின்றுவிடாதே. நேரே கலங்கரை விளக்கக் குப்பத்துக்குப் போகும் பாலத்தின் மேல் ஏறி நடுவில் நில். இரண்டு பக்கமும் விரிந்து கிடப்பதுதான் பழவேற்காடு ஏரி. ஏரி என்று சொல்கிறோமே தவிர, இது கடலும் ஆறும் கலக்கும் காயல். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடாவுக்கும் இதற்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் நம் ராக்கெட்டுகள் புறப்படும் ஸ்ரீஹரிகோட்டா. பரப்பு பெரிதே ஒழிய ஆழம் குறைவு, சராசரியாக ஒரு மீட்டர்தான். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறி உப்பு குறையும், கோடையில் உப்பு கடுமையாக ஏறும். கடல் உள்ளே வந்து போகும் வாசலுக்கு முகத்துவாரம் என்று பெயர். அதை மணல் அடைத்துக்கொண்டால் ஏரி மூச்சுத் திணறும். மீன்குஞ்சும் இறாலும் கடலிலிருந்து உள்ளே வர வழியிருக்காது. முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்று அந்த ஊர் மீனவர்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இவ்வளவு ஆழமில்லாத தண்ணீரில் கப்பல் எப்படி வந்தது என்று கேட்பாய். பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள்தான் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றும், இறக்கும். புயலுக்குத் தப்பிப் படகுகள் ஒதுங்க அமைதியான காயல் உள்ளே, கப்பல் நிற்க ஆழ்கடல் வெளியே. இந்த அமைப்புக்காகத்தான் அரபு வணிகர்களும், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரும், பிறகு டச்சுக்காரர்களும் இந்தக் கரையைத் தேடி வந்தார்கள்.

தேடி வந்த சரக்கு, துணி. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். ஐரோப்பியர்களுக்கு வேண்டியிருந்தவை கிராம்பும் ஜாதிக்காயும், அவை விளைந்தது இந்தோனேசியத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் மாற்றாக விரும்பிக் கேட்டதோ சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. இந்தக் கரை மணலில் விளைந்த சாயவேரில் தோய்த்த சிவப்புக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. நம் உள்நாட்டு நெசவாளி தறியில் ஓட்டிய நூல்தான் உலகத்தின் வாசனைச் சரக்கு வியாபாரத்தையே நகர்த்தியது. மலேசியாவில் இன்றைக்கும் கட்டம்போட்ட கைலிக்கு இந்த ஊர்ப் பெயர்தான் வழங்குகிறது.

நீ படித்த ஸ்பெயினுக்கும் இந்த ஊருக்கும்கூடத் தொடர்பு உண்டு. டச்சுக்காரர்கள் 1568 முதல் ஸ்பெயின் மன்னரை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தவர்கள். 1580-இல் போர்ச்சுகலும் அதே மன்னரின் ஆட்சிக்குள் வந்தது, 1640 வரை அப்படியே இருந்தது. ஆகவே மயிலாப்பூர் சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர்களும் அந்தக் காலத்தில் ஸ்பெயின் மன்னரின் குடிகள்தான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தது. ஐரோப்பாவில் ஸ்பெயினுக்கும் டச்சுக்காரர்களுக்கும் 1609-லேயே 12 வருஷப் போர்நிறுத்தம் கையெழுத்தாகியிருந்தும், 1612-இல் சாந்தோம் போர்ச்சுகீசியர் வந்து அந்தப் பண்டகசாலையைத் தாக்கினார்கள். அதற்குப் பதிலாக 1613-இல் எழுந்ததுதான் கெல்ட்ரியா கோட்டை. 1616 முதல் 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுதான். வெடிமருந்துகூட இங்கே செய்து கப்பலேற்றினார்கள்.

1620-களில் ஆங்கிலேயரும் பழவேற்காட்டில் காலூன்றப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களோடு போட்டிபோட்டு நிற்க முடியவில்லை. வடக்கே துர்கராஜபட்டினத்துக்குப் போனார்கள், அங்கும் சரிப்படவில்லை, 1639-இல் தெற்கே ஒரு மணல்மேட்டை எழுதி வாங்கினார்கள். அதுதான் சென்னைப் பட்டினம். பழவேற்காடு ஏற்கெனவே இன்னொருவர் கையில் இருந்ததால்தான் நம் சென்னை இப்போது இருக்கும் இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை. ஆவடி, அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒருமுறையாவது இந்த ஊருக்கு வர வேண்டும் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

கோட்டை இருந்த இடத்தில் இன்று முள்மரப் புதரும் மேடும் அகழியின் தடமும்தான். 1806-இல் இடித்துவிட்டார்கள். 1825-இல் ஊரே ஆங்கிலேயர் வசம் போனது. உள்ளே புகுந்து தேடாதே, பாம்பு இருக்கும். எதிரே இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இங்கே அவசரப்படாதே. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு. மரணத்தை நினைவில் வைத்திரு என்று வருகிறவர்களுக்குச் சொல்வது அக்கால ஐரோப்பிய வழக்கம். திருக்குறளில் நிலையாமைக்கு ஓர் அதிகாரமே வைத்த நமக்கு அது புதிதில்லை. உள்ளே தரையோடு கிடக்கும் பெரிய பெரிய கருங்கற்பலகைகள். எழுத்தைக் குழித்து வெட்டாமல், சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து எழுத்தைப் புடைப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காலை வெயில் சாய்வாக விழும்போது பார், ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும். டச்சு மொழி தெரியாவிட்டால் என்ன, எண்கள் தெரியுமே. பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் இருந்தால் வயதைக் கணக்குப் போடு. குடும்ப முத்திரை, கப்பல், இலைக்கொடி என்று என்னென்ன செதுக்கியிருக்கிறது என்பதை உன் நோட்டில் வரைந்துகொள். எழுத்து தெரியவேண்டும் என்று சாக்குக்கட்டியால் தேய்க்கிறவர்கள் உண்டு, நீ அதைச் செய்யாதே. கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவதும் வேண்டாம்.

அங்கே நிற்கும்போது இன்னொன்றையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும். துணியோடு சேர்த்து மனிதர்களையும் இந்தக் கரையிலிருந்து ஏற்றினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில், சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட நம் மக்களைத் தரகர்கள் மூலம் வாங்கி, ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். கம்பெனி அதிகாரிகளுக்கு முத்திரையோடு கல் இருக்கிறது. கப்பலேற்றப்பட்ட தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் இந்த ஊரில் ஒரு கல்லும் இல்லை. சுற்றுலாப் பலகைகளில் இந்தப் பேச்சுக்கு இடம் தருவதில்லை, தந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கோட்டையின் கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அங்கிருந்து ஊருக்குள் நட. ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்பாறாங்கல்லால் கட்டிய விஜயநகரக் காலத்துக் கோயில். நம் பக்கத்துக் கருங்கல் கோயில்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் செம்மண் நிறமே புதுமையாக இருக்கும். கையகலத்துக்குள் செதுக்கிய ராமாயணக் காட்சிகளைத் தேடிப் பார். தெரு திரும்பினால் பள்ளிவாசல்கள். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. வழிபாட்டு இடம் என்பதால் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போ. போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து வரும் மகிமை மாதா கோயிலும் இந்த ஊரில்தான். இவ்வளவும் நடந்தே போகிற தூரத்தில் இருப்பது துறைமுக ஊர்களுக்கே உரிய சிறப்பு. பனையோலையில் பெட்டியும் கூடையும் பின்னும் பெண்களைப் பார்த்தால் பேரம் பேசாமல் ஒன்று வாங்கிக்கொள். பெரியம்மாவுக்குப் பிடிக்கும்.

மதியத்துக்குள் மீன் இறங்கும் இடத்துக்குத் திரும்பு. மடவை, இறால், கால் கட்டிய பச்சை நண்டு, ஏலக் குரல் என்று அந்த இடமே ஒரு பள்ளிக்கூடம். அங்கே நீ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது 'பாடு' என்ற ஏற்பாடு. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நல்ல இடத்தை வலுத்தவன் ஒருவனே பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று குப்பத்துப் பெரியவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கோட்டை கட்டிய கம்பெனி போய்விட்டது, இந்த முறை இருக்கிறது. ஆனால் இந்தப் பாடு உரிமை சில குப்பங்களுக்கும் சமூகங்களுக்கும் மட்டுமே என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு மிச்ச இடம்தான். கழுத்தளவு, இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து, ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்தால் நான் சொல்வது உனக்கே விளங்கும். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதே.

படகுச் சவாரிக்குக் கூப்பிடுவார்கள். போகாதே என்றுதான் சொல்வேன். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். உயிர்காப்பு அங்கி இல்லை, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். முகத்துவாரத்தின் பக்கம் தண்ணீர் இழுப்பு பார்வைக்குத் தெரியாது. அரசு அனுமதி, அங்கி, ஆள் கணக்கு மூன்றும் சரியாக இல்லாத படகில் கால் வைக்கவே கூடாது.

பறவை பார்க்கக் கரையே போதும். பழவேற்காடு 1980-லிருந்து சரணாலயம். பூநாரைகள் கூட்டமாக நிற்கும் இடத்தை மீனவர்களிடம் கேட்டால் கைகாட்டுவார்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்று நீரை வடிகட்டி உண்ணும் பறவை அது. சிறகின் ரோஜா நிறமே அது தின்னும் பாசியிலும் சிற்றுயிரிலும் இருந்து வருவது. கிட்டப் போய் விரட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் உயிரைப் பொழுதுபோக்குக்காகக் களைப்பாக்குவது பெரிய பாவம். உன் அண்ணனிடம் பைனாகுலர் இருக்கிறது, கேட்டு எடுத்துக்கொண்டு போ.

தொப்பி, தண்ணீர், நோட்டு, பென்சில், மறுபடி வீட்டுக்கே கொண்டுவர ஒரு குப்பைப் பை, இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் அதிகம். பூநாரைகள் மார்ச் வரைதான் பெருங்கூட்டமாக இருக்கும், வெயிலும் மாசியிலேயே ஏறிவிடும். ஆகவே இந்த லீவிலேயே போய்விட்டு வா.

அன்புடன்,
உன் பெரியப்பா