‘கங்கா’வும் விழுந்தெழும் கலைஞரும்: ஒரு மீள்பார்வை

முன்னுரை

கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலியைக் குறுந்தொகையின் ஏழாம் பாடல் உவமையாக்குகிறது. ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அப்பறையின் ஓசை நம்மை எட்டுகிறது; ஆடியவரின் பெயர் எட்டவில்லை. இந்நிலை திரைக்கலையிலும் தொடர்வதைப் பழைய படமொன்றின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் கௌபாய் படங்கள்

அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரைவீரர் கதைகளும், அவற்றைத் தழுவி இத்தாலியர் எடுத்த படங்களும் 1960களில் உலகெங்கும் பரவின. தமிழில் அவ்வகைக்கு இடம் தேடித் தந்தவருள் முதன்மையானவர் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன். ஜெய்சங்கர் நடிப்பில் அவர் இயக்கிய ‘கங்கா’ 1972இல் வெளிவந்தது. 1978இல் ரஜினிகாந்த் நடித்த ‘தாய் மீது சத்தியம்’, 2010இல் சிம்புதேவன் இயக்கிய ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ ஆகியனவும் இம்மரபைச் சார்ந்தவையே.

காமிராவும் உடலும்

இப்படத்தை அண்மையில் நம் மாணவரோடு மீண்டும் கண்டோம். திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலைக் குன்றுகளை அன்றாடம் இரயிலிலும் பேருந்திலும் கடந்து தாம்பரம் வரும் அவர்க்குப் பாறையும் வெட்டவெளியும் புதியன அல்ல. எனினும் குதிரைப் பாய்ச்சலைக் கண்டு வியந்தனர். கணினி வரைகலை இல்லாக் காலம் அது. நொடிக்கு 18 படங்களாகப் பதிந்து 24ஆக ஓட்டினால் வேகம் மூன்றிலொரு பங்கு மிகும்; காமிராவைத் தாழ வைத்தால் குளம்பு பெரிதாகத் தோன்றும். வேகத்தை இவ்வாறு கூட்டலாம். வீழ்ச்சியை ஓர் உடல்தான் ஏற்றாக வேண்டும். “விழுந்தவர் யார், ஐயா?” என்று ஒரு மாணவர் வினவினார். நம்மிடம் விடையில்லை.

மதிப்பும் பாதுகாப்பும்

1939இல் வெளிவந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில், ஓடும் குதிரைகளுக்கு இடையே விழுந்து வண்டியின் அடியில் சென்ற யகிமா கனட்டுக்குப் பின்னாளில் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. சண்டை அமைப்புக்குத் தனி ஆஸ்கர் பிரிவோ, 2027இல் வெளியாகும் படங்களுக்கே தொடங்கும் என 2025இல்தான் அறிவிக்கப்பட்டது. நம் தேசிய விருதில் அப்பிரிவு 2017இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் விருது உயிரைக் காவாது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியைப் படமாக்குகையில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். படப்பிடிப்பில் குதிரையைப் பயன்படுத்த விலங்குகள் நல வாரியத்தின் முன்னனுமதி தேவை. அத்தகைய கண்டிப்பு, குதிரையிலிருந்து விழும் மனிதனுக்கும் வேண்டுமன்றோ?

முடிவுரை

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்தது நபிவழி. பெயரும் பாதுகாப்பும் அக்கூலியின் பகுதிகளே என்பது நம் துணிபு. பழம்படங்களை ஆராயப் புகும் மாணவர், நாயகனின் பெயரோடு நில்லாது, விழுந்தெழுந்தவர் பெயரையும் தேடிப் பதிவு செய்வாராக. கயிற்றில் ஆடியவர்க்கு நாம் செய்யத் தவறியதை இவர்க்கேனும் செய்வோம்.